தீர்ந்துபோன பென்சில் பேட்டரிகளை எங்கே சேர்ப்பது?

கேள்வி (அடுக்ககவாசி):
ரிமோட், கடிகாரம், பொம்மைகள் ஆகியவற்றிலிருந்து கழற்றிய செல்களை எங்கள் அடுக்ககத்தில் ஒரே வாளியில் போட்டு வைத்திருக்கிறோம். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடைக்காரரே விலை போட்டு எடுத்துக்கொள்கிறார். இவற்றையோ பழைய இரும்புக் கடையில்கூட வாங்க மறுக்கிறார்கள். மக்காத குப்பையோடு கொடுத்துவிடலாமா? எல்லாவற்றையும் ரீசார்ஜ் செல்லாக மாற்றினால் சிக்கல் தீருமா?

மறுமொழி 1 (துத்தநாகம்):
இன்வெர்ட்டர் பேட்டரியின் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. அதை முறையின்றி உருக்கும் பட்டறைகள் சுற்றுவட்டாரத்தை நஞ்சாக்குவது தனிக்கதை. ரிமோட், கடிகாரங்களில் போடும் ஆல்கலைன் செல்லில் உள்ள துத்தநாகத்தையும் மாங்கனீசையும் சேகரித்துப் பிரிக்கும் செலவுக்கு அவற்றின் விலை ஈடாவதில்லை. வாங்க ஆளில்லாததன் காரணம் அதுவே. 2001ஆம் ஆண்டின் விதிகள் ஈய-அமில பேட்டரிகளை மட்டுமே கணக்கில் கொண்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகை பேட்டரிகளையும் சேர்த்துக்கொண்டு, திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள் மீது சுமத்துகின்றன. புதைப்பதையும் எரிப்பதையும் தடை செய்கின்றன. பயன்படுத்துவோரும் பேட்டரியைப் பிற குப்பையோடு கலக்கக் கூடாது. ஆகவே மக்காத குப்பையோடு கொடுப்பது முறையன்று.

மறுமொழி 2 (மாடித்தோட்டம்):
அந்த வாளியை முதலில் பிரித்துவிடுங்கள். லித்தியம் பொத்தான் செல்கள், செல்போன் பேட்டரிகள், 9 வோல்ட் பேட்டரிகள் ஆகியவற்றில் மின்சாரம் மிச்சமிருக்கும். முனைகள் ஒன்றோடொன்று உரசினால் தீப்பிடிக்கலாம் என்பதால், முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனி டப்பாவில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு அந்த டப்பா எட்டவே கூடாது. விழுங்கிய பொத்தான் செல் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவைத் தனியாகப் பெறுவதற்கு மையம் அமைக்கும் கடமையை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளுக்கு விதித்தன. உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளரிடம் அடுக்ககச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள். தனியாள் கேட்பதைவிட அதற்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

மறுமொழி 3 (மின்கலப்பித்தன்):
எல்லாவற்றையும் ரீசார்ஜ் செல்லாக மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரீசார்ஜ் வகையான நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்லைத் தயாரிக்க நிக்கலும் அருமண் உலோகங்களும் தேவைப்படுகின்றன. பலமுறை மின்னேற்றிப் பயன்படுத்தினால்தான் அந்தச் சுமை ஈடாகும். பொம்மை, டார்ச், கேமரா ஃபிளாஷ் ஆகியவற்றுக்கு அது பொருத்தமானது. ஒரே செல்லில் ஓராண்டுக்கு மேல் ஓடும் சுவர்க் கடிகாரத்துக்கு ஆல்கலைனே போதும். மேலும் ரீசார்ஜ் செல்லின் மின்னழுத்தம் 1.5 அல்ல, 1.2 வோல்ட் என்பதால், சில பழைய கருவிகள் செல் தீர்ந்துவிட்டதாக முன்கூட்டியே காட்டும்; வாங்கும் முன் கருவியின் கையேட்டைப் பாருங்கள்.