ஃபியூசிபிள் பிளக்: உருகுசெருகியா, ஈயத்தக்கையா?

குழுவினருக்கு வணக்கம்.

நீராவி எஞ்சின் கொதிகலனில் நீர் வற்றினால் உருகி எச்சரிக்கும் அடைப்பான்தான் ‘ஃபியூசிபிள் பிளக்’. ஐயா, அதற்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் முன்வைத்த ‘உருகுசெருகி’யை என் மனம் ஏற்கவில்லை. செருகி என்றால் செருகிப் பிடுங்குவது. இதுவோ மரை வெட்டி, முறுக்கி இறுக்குவது.

சென்ற வாரம் கேரளத்தில் நான் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பி, வாளையார் தாண்டி, மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் லோகோ ஷெட்டுக்கு (ரயில் எஞ்சின் கொட்டகை) போயிருந்தேன். மூத்த ஃபிட்டர் ஒருவர், பழைய கொதிகலனிலிருந்து கழற்றிய ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் வாயில் அது ‘லெட் பிளக்’. கட்டைவிரல் பருமனில் வெண்கலம், வெளியே மரை, நடுவில் துளை, துளை நிறையக் காரீயம். நகத்தால் அழுத்தினேன், கோடு விழுந்தது.

இதைக் கொதிகலனுக்குள் நெருப்பு எரியும் தீயறையின் கூரைத் தகட்டில் பொருத்துகிறார்கள். (‘ஃபயர்பாக்ஸ்’ என்பதைத் ‘தீப்பெட்டி’ என்று எழுதினால் வத்திப்பெட்டிதான் நினைவுக்கு வரும், தீயறை என்பதையே வைத்துக்கொள்வோம்.) கூரைக்கு மேல் நீர் நிற்கும்வரை, அழுத்தம் 14 பார் ஆனாலும் நீரின் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டாது. காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். நீர் வற்றிக் கூரை வெளிப்பட்டால் ஈயம் உருகி வழியும். அந்தத் துளை வழியே நீராவி தீயறைக்குள் சீறி ஆட்களை எச்சரிக்கும். 1803இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் கொதிகலன் வெடித்து உயிர்கள் போன பிறகு, நீராவி எஞ்சின் முன்னோடி டிரெவிதிக் செய்த ஏற்பாடு இது. நீலகிரி மலை ரயிலில் கல்லாருக்கு மேலே 12 அடிக்கு ஓரடி ஏறும் பாதையில், கொதிகலன் நீர் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும், மறுபக்கம் கூரை வெளிப்படக்கூடும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதைக் கையில் வைத்திருந்தபோது எனக்குப் பாட்டியின் ஈயச்சொம்புதான் நினைவுக்கு வந்தது. “முதலில் புளித்தண்ணீரை ஊற்று, பிறகு அடுப்பில் ஏற்று” என்பார். ரசம் இருக்கும்வரை சொம்பு தீயில் நிற்கும். ஒருமுறை நான் மறந்துபோய் ரசம் வற்றிவிட்டது. சொம்பின் அடி அடுப்பிலேயே வழிந்துவிட்டது. சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகுவது. கொதிகலனிலும் நடப்பது இதுவேதான்.

ஆகவே ‘ஈயத்தக்கை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. செயல் பெயரில் தெரிய வேண்டும் என்கிறீர்கள். ஈயம் சட்டென்று உருகும் என்பதை நம் அடுப்படிகள் அறியும். சில நாடுகளில் காரீயத்துக்குப் பதில் வெள்ளீயம் வைத்தார்கள். ‘ஈயம்’ என்ற சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது. மலையாளத்திலும் அது ஈயம்தான் என்பதால், இங்கே பக்கத்து வீட்டாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தக்கை என்றால் மிதப்பது என்ற எண்ணம் வரலாம், உண்மைதான். ஆனால் புட்டித் தக்கை, காது வளர்க்கப் போட்ட தக்கை எல்லாம் துளையை அடைப்பவைதாமே.

வேறு உலோகக் கலவை வைத்தவற்றுக்கு ‘உருகுதக்கை’ என்று பொதுப்பெயர் வைக்கலாம். அங்கே உங்கள் ‘உருகு’ அப்படியே நிற்கட்டும். இனி வினைச்சொல் ஒன்று முடிவாக வேண்டும். ஈயத்தக்கை ‘உருகியது’ என்பதா, ‘இளகியது’ என்பதா? எனக்கு ‘இளகியது’ பிடித்திருக்கிறது. ஆனால் இளகிய ஈயம் துளையிலேயே நிற்கக்கூடும், உருகியதுதான் வழியும் என்பது உறுத்துகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள், ஐயா.