லேசர் டேக்: ஐவர் அணி எப்படிப் பிரிந்து ஆடுவது?

கேள்வி (கிருஷ்ணகிரி): எங்கள் மாந்தோப்பில் ஐந்து பேர் அணியாக லேசர் டேக் (கதிர்த் துப்பாக்கியால் எதிரணியினர் அணிந்திருக்கும் உணரிகளைச் சுடும் விளையாட்டு) ஆடும்போது, அனைவரும் அருகருகே பதுங்கிக்கொண்டு, பக்கவாட்டில் வரும் எதிரணியிடம் ஒவ்வொரு முறையும் தோற்கிறோம். எவ்வாறு பிரிந்து நிற்க வேண்டும்?

மறுமொழி (ஓசூர்): மூவர் முன்னின்று தொடர்ந்து சுட்டு எதிரணியின் கவனத்தைப் பிடித்துவைக்க, மற்ற இருவர் தோப்பின் ஓரமாகச் சுற்றிச் சென்று பக்கவாட்டில் தாக்குங்கள். அந்த இருவரும் சேர்ந்து ஓடக் கூடாது. ஒருவர் நகரும்போது மற்றவர் காப்பாக நின்று சுட வேண்டும். என் அனுபவத்தில், இதை மறந்த அணியே தோற்கிறது.

மறுமொழி (தருமபுரி): துப்பாக்கியிலிருந்து வருவது அகச்சிவப்புக் கதிர் என்பதால், கடும் வெயிலில் உணரிகள் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. மாலையில் ஆடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. ஞாயிறு மாலையே மூவர், இருவராகப் பிரிந்து ஆடுகிறோம்.