‘ஜிப்சி’ என்று சப்டைட்டிலில் போடலாமா?

சப்டைட்டில்காரன், தண்டையார்பேட்டை

ருமேனியாவில் எடுத்த ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் பாட்டி தன்னை ‘ரோமா’ என்கிறார். ஐரோப்பாவில் மற்றவர்கள் ஜிப்சி என்று அழைக்கிறார்களே, அந்த மக்கள். அதே ஊர்க் கடைக்காரர் அவரை ‘ட்சிகன்’ என்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. வேலை கொடுத்தவரோ, “இரண்டு இடத்திலும் ஜிப்சின்னு போடு, இல்லன்னா நரிக்குறவர்னு போடு, நம்ம ஜனத்துக்கு டக்குன்னு புரியும்” என்கிறார். எனக்கு ஜிப்சி என்றால் மாருதி ஜிப்சி வண்டிதான் ஞாபகம் வருகிறது. ‘நாடோடி’ என்று போட்டால் என்ன? நாடோடிப் பாட்டு, நாடோடிக் கதை என்று கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

பழைய குமாஸ்தா, பழைய வண்ணாரப்பேட்டை

நரிக்குறவர் வேண்டவே வேண்டாம் தம்பி. அந்த மக்கள் தங்களுக்குள் ‘வாக்ரி’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். தமிழ் பேசும் குறவர் சமூகம் வேறு. எங்கள் பெயரை ஏன் அதில் ஒட்டுகிறீர்கள் என்று அவர்கள் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கேயே தீராத வழக்கை ருமேனியாப் பாட்டி தலையில் கட்டுவானேன்?

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன். காகிதத்தில் ஏறினால் ஒரு பெயர் என்ன பாடுபடும் என்று தெரியும். எம்.சி. ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர், குறுக்கே வந்த பைக் பையனை “டேய் கேப்மாரி” என்பார். அது ஒரு சமூகத்தின் பெயர் என்று திட்டுகிறவருக்கும் தெரியாது, வாங்கிக்கொள்கிறவனுக்கும் தெரியாது. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை, அதாவது ஒருகாலத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பட்டியலை, எடுத்துப் பாருங்கள், கேப்மாரி இன்றைக்கும் இருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் உள்ள சாதியில் பிறந்தாலே போதும், கைரேகை கொடு, வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்கு. 1947-ல் இங்கே அதை ரத்து செய்தார்கள், 1952-ல் நாடு முழுக்க. வசவை ரத்து செய்ய ஆளில்லை.

நாடோடியும் நீங்கள் நினைக்கிற மாதிரி வெறும் பாட்டும் கதையும் இல்லை. சிறை விதிகள் சிலவற்றில் ‘அலைந்து திரியும் பழங்குடிகள்’ என்றாலே தப்பியோடும் சுபாவம் உள்ளவர்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. தவிர, இன்றைய ரோமா மக்களில் பெரும்பாலோர் ஒரே ஊரில் வீடு வாசலோடு இருப்பவர்கள். ருமேனியப் பகுதியில் அவர்கள் முன்னோர் 1850கள் வரை மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் அடிமைகள். அந்தக் காலத்தில் ‘ட்சிகன்’ என்றாலே அங்கே அடிமை என்றுதான் பொருள்.

பெரம்பூர் லோகோ

சார், எந்தப் பெயரை வைத்தாலும் கொஞ்ச நாளில் அதுவும் கெட்டுப்போகும். இங்கிலாந்தில் ஜிப்சி என்று தாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்திலேயே ‘ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மாற்ற ஆரம்பித்தால் முடிவே இல்லை.

பழைய குமாஸ்தா

அவர்கள் சொல்லிக்கொள்ளட்டுமே, யார் வேண்டாமென்றது? எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்து வைத்த பெயர் அது. அதிலிருந்து ஆங்கிலத்தில் ‘ஜிப்’ என்று ஒரு வினைச்சொல்லே பிறந்துவிட்டது, ஏமாற்றுவது என்ற பொருளில். ஜெர்மன்காரர்கள் சொன்னது ‘ட்சிகாய்னர்’ (Zigeuner). நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் அதன் முதல் எழுத்தான இசட்டை எண்ணோடு சேர்த்துக் கையில் பச்சை குத்தினார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, முகாமில் ரோமா மக்களை அடைத்து வைத்திருந்த பகுதியில் மிச்சமிருந்த ஆயிரக்கணக்கானவர்களை, கிழவர் குழந்தை பாராமல், விஷவாயுவில் கொன்றார்கள். இதைச் சும்மா பெயர் கெட்டுப்போவது என்றா சொல்வீர்கள்?

தேரடி மல்லி, திருவொற்றியூர்

கோயில் வாசலில் பாசிமணி கோக்கும் அக்கா ஒருவரைத் தெரியும். சின்னக் குறடால் கம்பியை வளைத்துக்கொண்டே, தலை நிமிராமல் விலை சொல்வார். போன வாரம் ஒருத்தர், “ஏய் குறத்தி, இது எவ்ளோ?” என்றார். இருநூறு என்றார் அக்கா. அவர் போனதும் அதே மாலையை நான், “எவ்ளோக்கா?” என்று கேட்டேன். நூற்றைம்பது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் குமாஸ்தா சார், நரிக்குறவர் என்ற பெயரை இங்கே ஒரேயடியாகத் தூக்கிப்போடவும் முடியாது. அந்தப் பெயரில்தான் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. அக்கா மகனுக்குச் சான்றிதழும் அந்தப் பெயரில்தான்.

சப்டைட்டில்காரன்

சரி, பாட்டிக்கு ‘ரோமா’. கடைக்காரருக்கு? வசவு வசவாகவே கேட்க வேண்டும். கேப்மாரி என்று போட்டால் நம்ம ஊர்க்காரர்கள் மேல் விழுகிறது.

பழைய குமாஸ்தா

‘ட்சிகன்’ என்றே போடுங்கள். முகம் சுளிப்பதுதான் திரையில் தெரிகிறதே. அப்புறம், மறந்தும் ‘ரோமானியர்’ என்று எழுதிவிடாதீர்கள், நம் பாடப்புத்தகத்தில் அது ஜூலியஸ் சீசர் ஆட்கள். ‘ருமேனியர்’ அந்த நாட்டுக்காரர் எல்லோரும். ‘ரோமா மக்கள்’, பேசுவது ‘ரோமானி மொழி’. அதில் தண்ணீருக்குப் ‘பானி’ என்பார்கள். படத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் மொழிபெயர்க்கத் தடுமாற மாட்டீர்கள்.

சப்டைட்டில்காரன்

விழுந்தது சார். பாட்டி சொம்பை நீட்டுகிற இடம்.