மறு: ஜெயில்பிரேக் – பழைய கன்சோல் வாங்குவோருக்கு உதவும் கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உற்பத்தியாளர் அனுமதிக்காத நிரல்களும் ஓடும்படி ஒரு கருவியின் கட்டுப்பாட்டைத் தாண்டுவதைக் குறிக்கும் ஜெயில்பிரேக் என்பதற்கு இந்த இழையில் இதுவரை சிறையுடைப்பு, தளைநீக்கம், கட்டுடைப்பு, பூட்டுடைப்பு ஆகிய சொற்கள் வந்துள்ளன. சென்ற மடலில் பூட்டுநீக்கம் என்ற சொல்லை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதற்கு விளக்கம் கேட்டும் மறுப்புச் சொல்லியும் சிலர் எழுதியிருப்பதால் இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறேன். இணையத்தில் பழைய விளையாட்டு கன்சோல் ஒன்றை வாங்கி, அதைக் கணினியாக்கிப் பார்க்க விரும்பும் ஒருவரைத்தான் நம் சொல்லின் முதல் பயனராக நான் கருதுகிறேன். அவர் விற்பவரிடம் எதைக் கேட்டறிய வேண்டுமோ அதைக் கேட்க உதவாத சொல், அகராதியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் விளம்பரப் பக்கத்தில் செல்லாது.

சோனியின் பிளேஸ்டேஷன் 3-ஐ எடுத்துக்கொள்வோம். 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த இந்தக் கருவியில், சோனி, டோஷிபா, ஐபிஎம் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய செல் என்னும் செயலி இருக்கிறது. 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் முதன்மைக் கரு (கோர்) ஒன்றும், அதன் ஏவலில் கணக்குப் போடும் துணைக் கருக்கள் எட்டும் அந்தச் சில்லில் உண்டு. துணைக் கருக்களில் ஒன்று தொழிற்சாலையிலேயே முடக்கப்பட்டிருக்கும், இன்னொன்று கருவியின் சொந்தப் பணிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், எஞ்சிய ஆறும் நமக்கு. ஒவ்வொரு துணைக் கருவுக்கும் வாய்த்தது 256 கிலோபைட் நினைவகம் மட்டுமே என்பதால், முதன்மை நினைவகத்திலிருந்து எந்தத் தரவை எப்போது எடுத்துவருவது, எப்போது திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் நிரல் எழுதுபவரே வரிக்கு வரி சொல்லியாக வேண்டும். ஒரு வேலையைப் பல கருக்களுக்குப் பகிர்ந்து தரும் இணை நிரலாக்கம் கற்க விரும்புபவருக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைப்பது அரிது. பழைய கருவியைத் தேடி அலைபவர்களில் ஒரு பகுதியினர் அதற்காகவே அலைகிறார்கள்.

இவ்வழியில் முன்னே சென்றவர்களும் உண்டு. மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் கௌரவ் கன்னா, 2007-இல் இந்தக் கருவிகள் சிலவற்றை வலையமைப்பில் பிணைத்துக் கருந்துளைகள் பற்றிய கணிப்புகளைச் செய்தார். அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடம் 2010-இல் 1,760 கருவிகளைக் கொண்டு ஒரு மீத்திறன் கணினியையே கட்டியது. இவர்களில் எவரும் எதையும் உடைத்து உள்ளே போகவில்லை. தொடக்க காலக் கருவிகளில் வேறோர் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வசதியை உற்பத்தியாளரே அமைப்புப் பட்டியில் வைத்திருந்தார். அதர்ஓஎஸ் என்று பெயரிடப்பட்டிருந்த அந்த வசதி, 2009-இல் வந்த மெலிந்த உருவக் கருவியில் இல்லாமல் போனது; 2010 ஏப்ரல் 1 அன்று வெளியான 3.21 என்னும் நிலைபொருள் (ஃபர்ம்வேர், கருவியை இயக்கும் உள்நிரல்) பதிப்பு, பழைய கருவிகளிலிருந்தும் அதை அகற்றியது. புதுப்பிக்க மறுத்தவர்கள் 3.15-இலேயே நின்று, அவ்வசதியால் நிறுவியிருந்த லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதற்கு விலையாக இணையவழி விளையாட்டை இழந்தார்கள்.

பூட்டு என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உற்பத்தியாளரின் மின் கையொப்பம் இல்லாத எந்த நிரலையும் கன்சோல் இயக்காது. அந்தக் கையொப்பச் சோதனைதான் பூட்டு. 2010 ஆகஸ்டில் ஒரு யூஎஸ்பி குச்சி வடிவில் அதைத் தாண்டும் கருவி விற்பனைக்கு வந்தபோது அதன் பெயரிலேயே ஜெயில்பிரேக் என்ற சொல் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில், கன்சோல் பாதுகாப்பை ஆராயும் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவினர், ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய ஓர் எண், சோனியின் கையொப்பங்களில் மாறாமல் ஒன்றாகவே இருந்தது என்று காட்டினார்கள். அந்த ஒரு பிழையால், கையொப்பமிடப் பயன்படும், வெளியார் எவரும் பார்க்கக்கூடாத தனிச்சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிட முடிந்தது. கணிதத்தில் ஆர்வமுள்ளவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். பள்ளி இயற்கணிதத்துக்கு மேல் அதிகம் வேண்டாம்.

இனி விளம்பரத்துக்கு வருவோம். நம் ஊர் விற்பனைத் தளங்களில் "பிஎஸ்3 ஸ்லிம், ஜெயில்பிரேக் பண்ணது, கேம் ஃபுல்லா ஏத்தி இருக்கு, ஒரு கண்ட்ரோலர்" என்கிற பாணியில்தான் அறிவிப்புகள் இருக்கின்றன. விற்பவருக்கு அச்சொல்லின் பொருள், காசு கொடுக்காமல் விளையாட்டுகள் கிடைக்கும் என்பது. லினக்ஸ் நிறுவ விரும்புபவருக்கு அந்தத் தகவலால் பயன் ஏதும் இல்லை. அவருக்குத் தேவைப்படுபவை இரண்டு படங்கள். ஒன்று, கருவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் சிஇசிஎச் என்று தொடங்கும் மாதிரி எண். மற்றொன்று, அமைப்புகளுக்குள் போய் நிலைபொருளின் பதிப்பெண்ணைத் திறந்து வைத்து எடுத்த திரைப்படம். (திரையின் படம் என்று படிக்கவும், இந்தச் சொல்லுக்கும் ஒருநாள் நாம் தனி இழை தொடங்க வேண்டியிருக்கும்.) பருத்த உருவம் கொண்ட முதல் வகைக் கருவிகள் அனைத்திலும், 2000 தொடர் மெலிந்த கருவிகளிலும், 2500 தொடரில் பெரும்பகுதியிலும் மாற்று நிலைபொருளை நிலையாக நிறுவ முடியும், நிறுவினால், அகற்றப்பட்ட அந்தப் பழைய வசதியை மீட்டு லினக்ஸை ஓட்ட வழி பிறக்கும். 3000 தொடரிலும் அதன் பின் வந்த மிக மெலிந்த கருவியிலும் மென்பொருள் வழியில் அது நடக்காது. அவ்வழியில் அவற்றுக்கு ஹென் என்றழைக்கப்படும் முறை மட்டுமே உண்டு. கருவியை நிறுத்தி மறுபடி இயக்கும் ஒவ்வொரு தடவையும் அதை மறுபடி செயல்படுத்த வேண்டும், அப்படிச் செயல்படுத்தினாலும் லினக்ஸுக்கு வேண்டிய ஆழத்தை அது எட்டாது.

ஆக, விளம்பரத்தில் ஜெயில்பிரேக் பண்ணது என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டு கருவிகளில் ஒன்று நம் வேலைக்கு ஆகும், மற்றொன்று ஆகாது. 3.15-இல் நின்றுபோன, யாருமே கைவைக்காத மூன்றாவது கருவி ஒன்று இருந்தால், அந்தச் சொல் அதற்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனால் லினக்ஸ்காரர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அத்தகைய கருவியை வைத்திருப்பவர், வாங்குபவருக்கு நல்லது செய்வதாக நினைத்து "புது அப்டேட் போட்டே தர்றேன் சார்" என்று சொல்லிவிட்டால், அந்தக் கணத்திலேயே அதன் அருமை போய்விடுகிறது. எனவே முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, புதுப்பிக்க வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம்.

> சிறையுடைப்பு ஆங்கிலத்துக்கு நேரான சொல். எவருக்கும் உடனே விளங்கும்.

விளங்குவது ஆங்கிலச் சொல்தான்; செயல் விளங்குவதில்லை, ஐயா. யூனிக்ஸ் உலகில் ஒரு நிரலைக் கோப்பு முறைமையின் ஒரு மூலைக்குள் அடைத்து வைப்பதைச் சிறை என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. 2007-இல் ஐபோனில் அப்படி அடைக்கப்பட்ட எல்லையைத் தாண்டியதால் அப்பெயர் வந்தது. கன்சோலுக்கு அது கடனாக வந்த பெயர். கடன் வாங்கியவரிடமிருந்து நாமும் கடன் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

> தளைநீக்கம் இலக்கண மரபிலும் வேர் உள்ள அழகான சொல்.

அழகில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் கட்டற்ற மென்பொருளைத் தளையறு மென்பொருள் என்றும் நாம் எழுதி வருகிறோம். மாற்று நிலைபொருள் ஏற்றிய பிளேஸ்டேஷனுக்குள் ஓடும் பெரும்பகுதி நிரல் இன்னும் சோனியின் மூடிய நிரலே. அதன் மூலநிரல் நமக்குக் கிடைக்கவில்லை, பகிரும் உரிமையும் இல்லை. அதற்குத் தளை நீங்கியது என்று பெயரிட்டால், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இத்தனை காலம் பொறுமையாக விளக்கி வரும் வேறுபாட்டை நாமே அழித்தவர்களாவோம்.

கட்டுடைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிற்றிதழ் வாசகர்களுக்கு அது பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவின் வாசிப்பு முறைக்குச் (டீகன்ஸ்ட்ரக்ஷன்) சொந்தமான சொல். கன்சோலைக் கட்டுடைத்தேன் என்று ஒருவர் எழுதினால், அவர் கருவியைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

பூட்டுடைப்பில் எனக்குள்ள தயக்கம் வேறு. பூட்டை உடைத்து என்று தொடங்கும் எந்தச் செய்தியும் நகை, பணம் என்றுதான் முடியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தாண்டுவதைத் தண்டிக்கிறது என்றாலும், பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தாண்டுவதையே தண்டிக்கிறது. சட்டமே நோக்கத்தைப் பார்க்கும்போது, தன் பணத்தில் வாங்கிய கருவியில் லினக்ஸ் போடுபவரையும் திருட்டுத்தனமாகப் படங்களை நகலெடுத்து விற்பவரையும் நம் கலைச்சொல் ஒரே கூண்டில் நிறுத்துவது முறையாகத் தோன்றவில்லை.

> பூட்டைத் திறப்பது என்பதுதான் தமிழ் வழக்கு. நீக்குவது என்று யார் சொல்கிறார்கள்?

அம்மையார் எழுப்பிய இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் உதவியது. திறந்த பூட்டு கதவிலேயே தொங்குகிறது. மறுபடி சாத்தினால் மறுபடி சாவி வேண்டும். நீக்கிய பூட்டு அங்கே இல்லை. மேலே சொன்ன இரண்டு கருவிகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவேதான். ஆகவே ஒரு சொல்லுக்குப் பதிலாக இரண்டு சொற்களை முன்மொழிகிறேன். நிலையாக மாற்று நிலைபொருள் ஏறிய கருவிக்குப் பூட்டுநீக்கிய கருவி என்றும், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வழி திறக்க வேண்டிய கருவிக்குப் பூட்டுத்திறப்புக் கருவி என்றும் எழுதலாம். செயலைக் குறிக்கும்போது பூட்டுநீக்கம், பூட்டுத்திறப்பு. கைபேசித் திரையை விரல் வைத்துத் திறப்பதும் பூட்டுத்திறப்புதானே என்று கேட்கலாம். ஆம், அதுவும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியதே என்பதால் பொருள் மோதவில்லை.

இந்த இணை, பிளேஸ்டேஷனுக்கு வெளியிலும் தாங்குகிறதா என்று நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்க கன்சோலை வைத்துப் பார்த்தேன். அதிலுள்ள என்விடியா டெக்ரா எக்ஸ்1 சில்லின் தொடக்க நிரலில் ஓர் ஓட்டை இருப்பது 2018 ஏப்ரலில் வெளியானது. தொடக்க நிரல் சில்லிலேயே பதிந்திருப்பதால், விற்றுவிட்ட கருவிகளில் எந்தப் புதுப்பித்தலாலும் அதை அடைக்க முடியவில்லை. பின்னர் உற்பத்தியானவற்றில் தொழிற்சாலையிலேயே அடைத்தார்கள். வலப்பக்கக் கைப்பிடி செருகும் தடத்தின் அடியில் உள்ள இணைப்பு முனை ஒன்றைச் சிறு கம்பித்துண்டால் குறுக்கிணைத்து, யூஎஸ்பி வழியே நிரலை அனுப்பினால் லினக்ஸ் எழும். அணைத்துவிட்டால், மறுபடி கணினியிலிருந்து நிரலை அனுப்ப வேண்டும். இது ஐயமின்றிப் பூட்டுத்திறப்பு. விளம்பரங்களில் அன்பேட்ச்டு என்று வருவதை அடைக்காத கருவி என்று எழுதினால் போதும். தொடரெண்ணைக் கொண்டு அது சரிதானா என்று வாங்குபவர் பார்த்துக்கொள்ளலாம். 2019-க்குப் பிந்தைய கருவிகளில் தனிச் சில்லைப் பற்றவைத்துத்தான் பூட்டைத் தாண்டியிருப்பார்கள். பழைய பிளேஸ்டேஷன் காலத்திலிருந்து சிப் போட்டது என்று புழங்கும் சொல் அதற்கு இருக்கவே இருக்கிறது. வேண்டுமானால் சில்லு பொருத்தியது என்று எழுதிக்கொள்ளலாம்.

அதர்ஓஎஸ் ஒரு பொருளின் பெயர் என்பதால் அதை மொழிபெயர்க்காமல் விடலாம் என்பது என் கருத்து. ஆர்வலர்கள் தாமே கன்சோலுக்கு எழுதும் நிரலைக் குறிக்கும் ஹோம்ப்ரூ என்பதற்கு வீட்டு வடிப்பு என்ற முன்மொழிவை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். நம் மாநிலத்தில் வீட்டில் வடிப்பவர்களை மதுவிலக்குப் பிரிவுக் காவலர்கள் தேடி வருவார்கள். தன்னாக்கச் செயலி என்று இப்போதைக்கு வைத்துக்கொண்டு தனி இழையில் பேசலாம்.

எழுத்து முறையில் ஒன்று தீர்க்க வேண்டியிருக்கிறது. பூட்டுத்திறப்பு வல்லினம் மிகுவதால் இயல்பாகவே சேர்ந்து நிற்கும். பூட்டுநீக்கம் என்பதைச் சிலர் பூட்டு நீக்கம் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். தேடுபொறியில் பிரித்து எழுதியதைத் தேடினால் வண்டிப் பூட்டும் வாசல் பூட்டும் சேர்ந்து வந்து நிற்கும் என்பதால் சேர்த்தே எழுதலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால், சொற்பட்டியலைப் பராமரிப்பவருக்கு அனுப்ப வசதியாக இருக்கும்.