இருமினால் கசியும் சிறுநீருக்கு டேப் ஆபரேஷன்: பிரிட்டன் நிறுத்தியது சரியா?

தென்றல்:
இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசியும் பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் அடியில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் வலைபோல் பின்னிய நாடா (டேப்) ஒன்றை வைத்துத் தாங்கல் கொடுப்பார்கள். சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டென் 1990களில் கொண்டுவந்த முறை. சின்னக் கீறல்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இதை நிறுத்திவைத்தார்கள். பயந்துபோய் எடுத்த முடிவு என்கிறேன். நெதர்லாந்தில் 460 பெண்களை வைத்து, டேப்பையும், சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கிப் பழகும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வந்தது. ஓராண்டு கழித்துக் கேட்டபோது டேப் பக்கம் 90 சதவீதத்துக்கு மேல் தேவலை என்றார்கள். பயிற்சிப் பக்கம் 64தான்.

கரிசல்:
பயமா? அக்கா, இந்த வலையால் பாதிக்கப்பட்ட பெண்களையும் விசாரித்து பிரிட்டனில் 2020இல் வந்த கம்பர்லெஜ் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். தொடையில் வலி, நடக்க முடியவில்லை, தாம்பத்தியமே போச்சு என்று வந்த பெண்களை 'இந்த வயசில் இப்படித்தான் இருக்கும்' என்கிற தோரணையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு வைத்தார்கள், எத்தனை பேர் அவதிப்படுகிறார்கள் என்று சொல்ல ஒழுங்கான பதிவேடுகூட இல்லை. சதை அந்த வலைக்குள்ளேயே வளர்ந்துவிடும். பிறகு எடுக்கப் போனால் முழுசாக வராது. ஓராண்டு கழித்துக் கேட்ட கேள்விக்கு இதெல்லாம் எப்படி அகப்படும்?

வார்டு நர்ஸ்:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அடி இறங்கியதற்காக, அதாவது கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை போன்றவை கீழே சரிந்ததற்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலை வேறு, கசிவுக்கு வைக்கும் ஒல்லி நாடா வேறு. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்தச் சொன்னது முதலாவதை மட்டும். நாடாவை விட்டுவிட்டது. இங்கிலாந்திலும் நாடாவுக்கு முழுத் தடை இல்லை. வேறு வழியே இல்லாதவர்களுக்குக் கடும் கண்காணிப்போடு செய்யலாம் என்றுதான் இருந்தது.

கரிசல்:
பிளாஸ்டிக் ஒன்றுதானே மேடம்? அதுவும் 2001க்கு அப்புறம் வந்த, தொடை இடுக்கு வழியாகப் போகும் டேப்பில் தொடை வலி புகார் நிறைய. வலையே இல்லாத வழி இருக்கும்போது இது எதற்கு? 1961லேயே பர்ச் என்பவர் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தையல் போட்டுத் தூக்கிக் கட்டும் முறையைச் சொல்லிவிட்டார். வயிற்றுத் தசை மேல் இருக்கும் உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, நம் சதையையே தாங்கலாக வைப்பதும் உண்டு.

வார்டு நர்ஸ்:
இருக்கிறது, ஆனால் அதிலும் தொந்தரவு உண்டு. நீங்கள் சொன்ன அந்த இரண்டையும் அமெரிக்காவில் 655 பெண்களிடம் ஒப்பிட்டு 2007இல் முடிவு வெளியிட்டார்கள். சொந்தச் சதைப் பட்டையில் கசிவு நன்றாகவே அடங்கியது. ஆனால் சிறுநீர்த் தொற்றும், சிறுநீர் சரியாகப் போகாத சிரமமும் அதில்தான் அதிகம். சிறுநீரை வடிக்கும் குழாயோடு (கதீட்டர்) வீட்டுக்குப் போவது எப்படிப்பட்ட அவஸ்தை என்பது வார்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். சிறுநீர்க் குழாயைச் சுற்றிப் போடும் ஜெல் ஊசி இருக்கிறது, லேசானது. ஆனால் பலன் குறைவு, திரும்பத் திரும்பப் போட வேண்டிவரும்.

தென்றல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். டேப்பை எடுத்துவிட்டால் பெண்களைப் பெரிய ஆபரேஷன் பக்கம் தள்ளுகிறோம். இல்லையென்றால் ஆயுசுக்கும் பேட் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கும் போகாமல் முடங்கச் சொல்கிறோம். ரிஸ்க்கைச் சொல்லி, கைதேர்ந்த டாக்டரிடம் அனுப்பினால் போதாதா? பயிற்சியே போதும் என்று யாராவது சொன்னால், நான் முதலில் சொன்ன அதே நெதர்லாந்து ஆய்வில் பயிற்சியில் சேர்ந்தவர்களில் 49 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். பாதிப்பேர்!

கரிசல்:
அப்படியானால் மீதிப் பாதிப்பேர் கத்தி படாமலே தப்பித்தார்கள் என்றும்தானே அர்த்தம்? குறைந்தது 3 மாதமாவது மேற்பார்வையோடு பயிற்சி கொடுத்துப் பாருங்கள் என்று சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பே சொல்கிறது. நம்மூரில் 'கீகல் பண்ணுங்க' (இந்தப் பயிற்சியின் பெயர்தான்) என்று ஒரு வரி சொல்லி அனுப்புவதோடு சரி. எந்தத் தசையை இறுக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டிச் சொல்லித்தர ஆள் ஏது? அதைச் செய்யாமலே டேப்புக்குத் தேதி கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தென்றல்:
3 மாதத்துக்குச் சம்மதம். நாலாவது மாதமும் கசிந்தால் டேப்பைக் கண்ணில் காட்டவே கூடாது என்பதற்குத்தான் சம்மதமில்லை.