குடும்பக் குழு: எட்டுக்கு ஐந்து

சித்தி: கவின், உன்னுடைய சம்மாங்கோடு பள்ளிவாசல் படத்துக்கு வோட்டு நடக்கிறதாமே? லிங்கை இங்கே போடு. எல்லாரும் குத்தித் தள்ளிவிடுகிறோம்.

கவின்: செல்லாது சித்தி. விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் கணக்குத் திறந்து 10 நாளாவது ஆகியிருக்க வேண்டும், 50 திருத்தமாவது செய்திருக்க வேண்டும். அப்போதுதான் அங்கே மிகச் சிறந்த படங்களைப் பொறுக்கும் சிறப்புப் படத் தேர்வில் வாக்கு.

பெரியம்மா: படம் நல்ல வடிவு 👌

மாமா: நான் பார்த்துவிட்டேன். ஆதரவு 8, எதிர்ப்பு 5. 7 ஆதரவு போதும் என்று போட்டிருக்கிறது. வென்றாச்சு! கொத்து ரொட்டி எப்போது?

கவின்: 7 மட்டும் போதாது மாமா. எதிர்ப்பைப் போல இரண்டு மடங்கு ஆதரவும் வேண்டும். 5 பேர் வேண்டாம் என்றால் 10 பேர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மொத்தமே 9 நாள், நாளையோடு முடிகிறது.

மாமா: அந்த 5 பேருக்கும் என்ன பிரச்சினையாம்? 1909இல் கட்டி முடித்த பள்ளிவாசல், கொழும்புக்கே அடையாளம்!

கவின்: கட்டிடத்தில் குறையில்லை, படத்தில்தான். மினாராக்கள் உள்பக்கம் சாய்கின்றன என்கிறார் ஒருவர். தெருவில் நின்று கமராவை அண்ணாந்து பிடித்தால் அப்படித்தான் வரும். இன்னொருவர் வலது மூலையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அங்கே வெள்ளைக் கல்வரிசை எது, வானம் எது என்றே தெரியவில்லையாம். உண்மைதான்.

சித்தி: எல்லாம் பொறாமை.

கவின்: இல்லை சித்தி. "அருமை" என்று ஒரு சொல்லோடு போனவர்களை விட இவர்கள்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள்.

தர்ஷி அக்கா: படத்தில் தெரியும் வயர்களை ஒருவரும் சொல்லவில்லையா?

கவின்: ஒருவர் அழிக்கச் சொன்னார். அழித்தால் படக் குறிப்பில் அதை எழுத வேண்டும். பள்ளிவாசல் இருக்கும் புறக்கோட்டையை வயர் இல்லாமல் காட்டினால் யார் நம்புவார்கள்?

தர்ஷி அக்கா: 😂 தரப் படம் என்று இன்னொரு பிரிவு இருக்கிறதே, அதில் போடேன்.

கவின்: அங்கே ஒருவர் பார்த்துச் சரி என்று, வேறு யாரும் மறுக்காவிட்டால் போதும். ஆனால் சாய்வு, வெளுப்பு எல்லாம் அங்கே இன்னும் கறாராகப் பார்ப்பார்கள். திரும்ப எடுப்பதுதான் வழி.

மாமா: பள்ளிவாசலுக்கு எதிரில், மூன்றாம் மாடியில் என் கூட்டாளி ஒருவர் துணி ஸ்டோர் வைத்திருக்கிறார். அந்த ஜன்னலில் நின்றால் சாயாதுதானே?

கவின்: பெரும்பாலும் சாயாது! ஞாயிறு காலை 7 மணிக்கு முதல் திறப்பாரா?

மாமா: ஞாயிறு கடை பூட்டு. திறப்பை வாங்கித் தருகிறேன், ஆனால் துணிக்கட்டுகளை நீதான் நகர்த்த வேண்டும்.