உதவி: ஊட்டிக் குளிரில் மட்டும் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுத்துது (24 வோல்ட் லாரி)

கேட்டவர்:
வணக்கம்ங்க. ஆறு டயர் லாரி, 6 சிலிண்டர், பழைய இன்லைன் பம்ப். ஹீட்டர், குளோ பிளக் எதுவும் கிடையாது. ஊட்டியில தலைக்குந்தா பக்கம் கேரட் ஏத்தி மேட்டுப்பாளையம் இறக்குற வண்டி. கீழே எந்த நேரத்திலும் அரைச் சுத்துல ஸ்டார்ட் ஆகுது. மேலே ராத்திரி நிறுத்தினா, விடிகாலை 5 மணிக்கு 3, 4 டிகிரியில செல்ஃப் தம் இல்லாம சுத்துது. நாலஞ்சு தடவை விட்டு விட்டு அடிச்சாத்தான் பிடிக்கும், வெள்ளைப் புகை நிறைய வரும். பேட்டரி 100 ஆம்பியர் ரெண்டு. மீட்டர்ல 24.9 வோல்ட் காட்டுது, அதனால பேட்டரி நல்லாத்தான் இருக்கு. டைனமோ சார்ஜிங் 28. போன மாசம் கிளட்ச் வேலை பார்த்தாங்க. செல்ஃப் மோட்டாரை மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

பதில் (லாரி டிரைவர்):
மலை மேல காத்து கம்மி, அதான் காரணம். டீசலும் குளிர்ல கெட்டியாகும். ஈதர் ஸ்பிரே (சீக்கிரம் பிடிக்க காத்து போற வழியில அடிக்கிறது) ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க.

பதில் (ஆட்டோ எலக்ட்ரீஷியன்):
ரெண்டும் இல்லைங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காத்து கடல் மட்டத்தைவிட கிட்டத்தட்ட கால் பங்கு லேசு. அதனால கம்ப்ரஷன் குறையும், பிடிக்க நேரமாகும். ஆனா செல்ஃபுக்குச் சுமை கொஞ்சம் குறையத்தான் செய்யும், கூடாது. டீசல் மெழுகு கட்டினா பில்டர் அடைக்கும், சுத்துற வேகம் குறையாது. "மெதுவா சுத்துது" ஒரு நோய், "நல்லா சுத்தியும் பிடிக்கல" வேற நோய். உங்களுது முதல் வகை. வெள்ளைப் புகை அதோட விளைவு: மெதுவா சுத்தும்போது அமுங்கின காத்தோட சூடு சிலிண்டர் சுவருக்கே போயிடும், டீசல் எரியாம ஆவியா வெளியே வரும்.

24.9 மொத்த வோல்ட்டேஜை நம்பாதீங்க. ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா அளந்து போடுங்க. கேபின்ல பாட்டு, மொபைல் சார்ஜர் எல்லாம் எங்கிருந்து எடுத்திருக்கு? எந்த பேட்டரியிலாவது அடிக்கடி தண்ணி குறையுதா?

செல்ஃபைக் கழட்டறதுக்கு முன்னால இந்த அளவு எல்லாம் விடிகாலையிலேயே, ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணாம எடுக்கணும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், டயருக்குக் கட்டை. ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாம சுத்தும். ஒரு ஆள் சாவி போட, நீங்க மீட்டர் பிடிங்க. ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல வேண்டாம், நடுவுல ஒரு நிமிஷம் இடைவெளி. மீட்டர் முள்ளை லக் (வயர் முனையில இருக்கிற பிடி) மேல வைக்காம பேட்டரியோட ஈயக் கம்பத்து மேலேயே வைங்க. லக்குக்கும் கம்பத்துக்கும் நடுவுல இருக்கிற துருதான் பாதி வண்டிகள்ல கோளாறே.

சுத்தும்போது பார்க்க வேண்டியது: ஒவ்வொரு பேட்டரி, ரெண்டையும் சேர்க்கிற வயர், பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் பெரிய போல்ட் வரை, நெகட்டிவ் கம்பத்திலிருந்து சேஸிஸ் வரை, சேஸிஸிலிருந்து இன்ஜின் பிளாக் வரை. பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட், எர்த் பக்கம் எல்லாம் சேர்த்து அரை வோல்ட், அதுக்கு மேல போகக் கூடாது.

கேட்டவர்:
இன்னிக்கு காலைல 4 டிகிரியில எடுத்தேங்கண்ணா. சும்மா நிக்கும்போது எர்த் பக்க பேட்டரி (நெகட்டிவ் சேஸிஸுக்குப் போறது) 12.15, மேல் பேட்டரி 12.75. சுத்தும்போது 8.2, 10.4. சேர்ப்பு வயர் 0.1, பாசிட்டிவ் 0.5, நெகட்டிவ்–சேஸிஸ் 0.1, சேஸிஸ்–பிளாக் 1.4. செல்ஃப்ல 16.5 தான் நிக்குது. கிராவிட்டி (பேட்டரி ஆசிட்டோட அடர்த்தி) எர்த் பக்கம் 1.200, மேல் பேட்டரி 1.295. பாட்டு, சார்ஜர், சின்ன ஃபேன் எல்லாம் எர்த் பக்க பேட்டரியில 12 வோல்ட் எடுத்திருக்கு. மேல் பேட்டரியில தண்ணி குறையுது, நீங்க கேட்டது சரிதான்.

பதில் (ஆட்டோ எலக்ட்ரீஷியன்):
அப்ப செல்ஃபை விட்டுடுங்க. ரெண்டு கோளாறு சேர்ந்திருக்கு.

முதலாவது, பேட்டரி. 12.75 நிறைஞ்ச பேட்டரி, 12.15 பாதிக்கும் கீழே. கூட்டினா 24.9 வந்து ஏமாத்திடுது. மூணு ஆம்பியர் லோடு எட்டு மணி நேரம் ஓடினா 24 ஆம்பியர்-அவர் ஒரே பேட்டரியிலிருந்து போகும். டைனமோ ரெகுலேட்டர் மொத்தம் 28 இருக்கான்னு மட்டும்தான் பார்க்கும். எப்படிப் பிரியுதுன்னு அதுக்குத் தெரியாது. வண்டி ஓடும்போது தனித்தனியா அளந்தீங்கன்னா எர்த் பக்க பேட்டரியில 13.3, மேல் பேட்டரியில 14.7 மாதிரி வரும். ஒண்ணு பட்டினி, ஒண்ணு கொதிச்சு தண்ணி விடுது. கிராவிட்டியும் இதைத்தான் சொல்லுது. ஆசிட் குளிர்ந்தா கிராவிட்டி கூடிக் காட்டும். 27 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கழிக்கணும். உங்க 1.200 உண்மையில 1.184 தான். இதோட குளிரும் சேரும்: 0 டிகிரி பக்கம் நல்ல பேட்டரியே அஞ்சுல ஒரு பங்கு பலத்தை இழக்கும். கீழே வெயில்ல இந்தக் குறை தெரியாது, மேலே போனா வெளிச்சத்துக்கு வரும்.

ரெண்டாவது, சேஸிஸ்–பிளாக் 1.4 வோல்ட். கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸ் இறக்கும்போது சேஸிஸையும் பிளாக்கையும் சேர்க்கிற எர்த் பட்டையைக் கழட்டியிருப்பாங்க. திரும்ப பெயிண்ட் மேலேயோ எண்ணெய் மேலேயோ முடுக்கியிருப்பாங்க. 300 ஆம்பியர் போகும்போது 0.005 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காணாமப் போயிடும். ஓம் மீட்டர்ல இது தெரியவே தெரியாது, அதான் சுத்தும்போது அளக்கச் சொன்னது. செல்ஃப் அடிச்சதும் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா கரன்ட் அது வழியா திரும்புதுன்னு அர்த்தம்.

வேலை: நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, கடைசியில மாட்டுங்க. எர்த் பட்டையைக் கழட்டி, சேஸிஸ், பிளாக் ரெண்டு பக்கமும் இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் உப்புத்தாள் போடுங்க. பட்டை பச்சை பிடிச்சிருந்தா புதுசு, 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாம. லக்கை சுத்தியலால நசுக்காதீங்க, ஹைட்ராலிக் கிரிம்ப் போடச் சொல்லுங்க. டெர்மினல் கம்பங்களை ஆப்ப சோடா கலந்த சுடுதண்ணியில கழுவுங்க, செல் மூடி மூடியிருக்கணும். முடுக்கின பிறகுதான் பெட்ரோலியம் ஜெல்லி, முன்னால இல்ல.

எர்த் பக்கத்துக் கீழ் பேட்டரியைத் தனியா எடுத்து 12 வோல்ட் சார்ஜர்ல 10 ஆம்பியர்ல காத்தோட்டமான இடத்துல போடுங்க. மணிக்கொரு தடவை பார்த்து, மூணு தடவை கிராவிட்டி ஏறாம நின்னா முடிஞ்சது. அப்பவும் ஆறு செல்லுக்குள்ள 0.050 வித்தியாசம் இருந்தா அந்த பேட்டரி போச்சு. ஜோடியா மாத்துங்க, பழசும் புதுசும் சேர்த்தா இதே கதைதான். மேல் பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் மட்டும், ஆசிட் ஊத்தாதீங்க. பாட்டு வயரைப் பிடுங்கி 24-லிருந்து 12 கன்வெர்டர் வெச்சு, ரெண்டு பேட்டரிக்கும் பொதுவா எடுங்க.

பதில் (டீசல் மெக்கானிக்):
எலக்ட்ரிக்கல் சரியாச் சொல்லிட்டார். இன்ஜின்ல என்ன ஆயில் ஊத்தியிருக்கீங்க? இதெல்லாம் செஞ்சும் மெதுவா சுத்தினா கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுத்திப் பிடிச்சு கரன்ட் அளக்கிறது) போடுங்க. கரன்ட் அதிகமா இழுத்து மெதுவா சுத்தினா, ஒண்ணு கெட்டி ஆயில், இல்லைன்னா செல்ஃப் புஷ் (தாங்குற வளையம்) தேஞ்சு, உள்ளே சுத்துற ஆர்மேச்சர் உரசுது. கரன்ட் கம்மியா எடுத்து மெதுவா சுத்தினா, ஒண்ணு கார்பன் பிரஷ் கோளாறு, இல்லைன்னா சொலினாய்டு (செல்ஃபுக்கு கரன்ட் விடற சுவிட்ச்) உள் காண்டாக்ட் கருகியிருக்கு. ரெண்டுக்கும் முழு செல்ஃப் மாத்தத் தேவையில்ல.

கேட்டவர்:
20டபிள்யூ-50 ஊத்தியிருக்கேங்க. இன்ஜின் பழசு, கெட்டியா இருக்கட்டும்னு.

பதில் (டீசல் மெக்கானிக்):
மலைக்கு அது வேண்டாம். புத்தகத்துல 15டபிள்யூ-40 போட்டிருந்தா அதையே ஊத்துங்க. செல்ஃப் சுத்துற பாரத்துக்கான சோதனையை 20டபிள்யூவுக்கு மைனஸ் 15-ல வெப்பாங்க, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20-ல. குளிர்ல 15டபிள்யூதான் அதிகம் இளகி இருக்கும்னு புரியுதில்ல. ஸ்டார்ட் பண்ணும்போது கிளட்சை மிதிச்சுக்கங்க, கியர்பாக்ஸ் ஆயிலைச் சுத்துற பாரம் மிச்சம். ஈதர் பழக்கம் வேண்டாம். ஒரு துளி கூடினா முன்கூட்டியே வெடிச்சு ரிங் உடையும். ஹீட்டர் இருக்கிற வண்டியில அடிச்சா தீயே பிடிக்கும். ஆயில் சம்புக்கு அடியில நெருப்பு மூட்டறதும் அப்படித்தான்.

கேட்டவர்:
முடிச்சுட்டேங்க. எர்த் பட்டை பெயிண்ட் மேலதான் உட்கார்ந்திருந்தது. கீழ் பேட்டரி 14 மணி நேரம் சார்ஜ் ஏறி நின்னுது, செல்லுக்குள்ள 0.015 தான் வித்தியாசம். ஆயில் 15டபிள்யூ-40. இன்னிக்கு காலை 3 டிகிரி: சுத்தும்போது 10.4, 10.6. சேஸிஸ்–பிளாக் 0.1. செல்ஃப்ல 20.3. ரெண்டாவது செகண்ட்ல பிடிச்சது.

பதில் (ஆட்டோ எலக்ட்ரீஷியன்):
நல்லதுங்க. ஒரு வாரம் ஓடினதும் எர்த் போல்ட்டை இன்னொரு தடவை முடுக்கிடுங்க, புது லக் கொஞ்சம் அமுங்கும். கன்வெர்டர் மாட்டற வரைக்கும் பாட்டு வேண்டாம்.